வீட்டை விட்டுப் போக வேண்டியது அவர் இல்லை

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்துத் தெரு அக்கா, கணவன் அடித்ததால், இரண்டு பிள்ளைகளோடு எங்கள் கதவைத் தட்டினார். சின்னவன் தோளில் பள்ளிக்கூடப் பை. அந்த அவசரத்திலும் அதை எடுத்து வந்திருக்கிறான்.

"வீடு மாமியார் பேர்ல இருக்கு தம்பி, எனக்கு என்ன உரிமை?" என்று கேட்டார்.

உரிமை இருக்கிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படியுங்கள். சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே தங்க மனைவிக்கு உரிமை உண்டு. மாமனார், மாமியார் வீட்டுக்கு அது பொருந்தாது என்று 2006இல் உச்ச நீதிமன்றமே சொன்னது; 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. அடித்தவனை வெளியேறச் சொல்லவோ, அவளுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லவோ மாஜிஸ்திரேட்டால் முடியும்.

மனு போட உதவப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே இந்த அக்காவுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு மேல் நடைமுறையில் இருக்கிற சட்டம்! ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் இதை எழுதி வையுங்கள்.

உதவி எண்கள்: பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098.

காலையில் 181க்குப் பேசினோம். பிள்ளைகள் எங்கள் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போனார்கள்.