குரோம்ஃபோர்டு கால்வாயின் குட்டி நீச்சல்காரர்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள குரோம்ஃபோர்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தொழிலதிபர் ஆர்க்ரைட் 1771இல் தொடங்கிய பஞ்சாலையைத்தான் பார்க்க வருகிறார்கள். நான் ஆலையை விரைவாகச் சுற்றிவிட்டுக் கால்வாய்க்கரைக்குப் போய்விட்டேன். எனக்கு வாட்டர் வோலைப் பார்க்க வேண்டும். நீர்க்கரையில் வளை தோண்டி வாழும், எலி போன்ற ஒரு கொறிக்கும் பிராணி அது.

ஹை பீக் ஜங்ஷன் நோக்கிப் போகும் கரையோரப் பாதையில் மெதுவாக நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது அது சாப்பிட்ட இடம்தான். விரல் நீளத்துக்குக் கடித்த புல்தண்டுகள் சின்னக் குவியலாகக் கிடந்தன, ஒவ்வொன்றின் நுனியும் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக. பக்கத்தில் மண்கரையில் ஒரு வளை. அதன் வாயைச் சுற்றிப் புல்லை ஒட்ட மேய்ந்திருந்தது.

சற்று நின்றதும் எதிர்க்கரையில் 'தொபுக்'கென்று ஒரு சத்தம். தண்ணீரில் ஒரு பழுப்புத் தலை நீந்திப் போய்க் கரையேறியது. முன்னங்கால்களில் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு மும்முரமாகக் கடிக்கத் தொடங்கியது. என்ன அழகு! உருண்டை முகம், மழுங்கிய மூக்கு, ரோமத்துக்குள் புதைந்த காதுகள், ரோமம் மூடிய குட்டை வால். எலியென்று நினைத்து விரட்டுகிறவர்கள் இந்தக் காதையும் வாலையும் ஒருமுறை பார்த்தால் போதும். எலிக்குக் காது துருத்திக்கொண்டிருக்கும், வால் நீளமாக மொட்டையாக இருக்கும்.

இவ்வளவு நீந்தும் பிராணிக்கு விரலிடைச் சவ்வு கிடையாது. உடல் சூட்டைக் காக்க ஓயாமல் தின்கிறது. ஒரு நாளில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்னும். குளிர்காலத்தில் உறங்குவதில்லை, சேமித்ததைத் தின்றுகொண்டு பெரும்பாலும் வளைக்குள்ளேயே இருக்கும். இரண்டு குளிர்காலத்தைத் தாண்டுவது அபூர்வம்.

ஆபத்து வந்தால் வளைக்குள் ஓடுவதுதான் இதன் முக்கியத் தற்காப்பு. சில வளைகளின் வாசல் தண்ணீருக்கடியில் இருக்கும். ஆனால் ரோமத்துக்காக வளர்க்கக் கொண்டுவந்து, பண்ணைகளிலிருந்து தப்பிப் பெருகிய அமெரிக்க மிங்க், வோலை வேட்டையாடும் கீரி போன்ற பிராணி, நன்றாக நீந்தும். பெண் மிங்க்கின் உடம்பு அந்த வளைக்குள்ளும் நுழையும் அளவுக்கு ஒல்லி. கரைகள் புல் இழந்ததும் சேர, பிரிட்டனில் வோல்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன. இங்கிலாந்தில் முழுச் சட்டப் பாதுகாப்பு 2008இல்தான் கிடைத்தது. வெகு தாமதம் என்பது என் வருத்தம்.

போகிறவர்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் போங்கள். வளைக்கு மேல் கரையை மிதிக்காமல், பாதையிலேயே நின்று எதிர்க்கரையைப் பாருங்கள்.