சுடுவது தெரியாத கால்கள்

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும். "அங்கே எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள், சிஸ்டர்?" மாதந்தோறும் காணிக்கை அனுப்பி, உபவாச ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி மன்றாடுகிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நான் பதில் எழுத உட்கார்ந்தால் கால்களைப் பற்றித்தான் எழுத வருகிறது.

நான் இருப்பது தெற்கு நேபாளத்தில், தனுஷா மாவட்டம். நேபாளம் என்றதும் பனிமலையை நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலும் மாந்தோப்பும்தான். மக்கள் பேசுவது மைதிலி. தொழுநோய் மருத்துவமனையிலிருந்து கிராமங்களுக்குப் போய், நோயாளிகளின் கை, கால், கண்களைச் சோதிப்பது என் வேலை. இதைக் கற்றது வேலூர் பக்கத்துக் கரிகிரியில்.

தொழுநோயாளிகள் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டிவிட்டதாக 2010-இல் நேபாளம் அறிவித்தது. அது நாடு முழுவதற்குமான சராசரி. இந்தத் தராய்ச் சமவெளியில் புதிய நோயாளிகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். ஆனால் செத்துப்போன நரம்பு மாத்திரையால் திரும்பி வராது. என் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

விரல்களை நோய் தின்றுவிடுகிறது என்றே இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல என்று வேலூரில் இருந்து உலகத்துக்குக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் நம் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். நரம்பு செத்து வலி தெரியாததால் படுகிற காயம், அதைக் கவனிக்காமல் விடுவதால் பிடிக்கிற சீழ் — விரலைக் கொண்டுபோவது இவைதான்.

குளிர்காலத்தில் இங்கே வந்து பார்த்தால் புரியும். நாள்கணக்கில் சூரியனே தெரியாத மூடுபனி. வைக்கோலும் சுள்ளியும் கொளுத்தி வீட்டார் எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். போன ஆண்டு ஒரு பெரியவர், மருந்தை எப்போதோ முடித்தவர், அப்படி உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். வாடை அடிக்கிறதே என்று பேத்திதான் முதலில் பார்த்திருக்கிறாள். நான் போனபோது குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அவரோ என்னை உட்காரச் சொல்லித் தேநீர் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் வேதனையின் சாயல்கூட இல்லை. எனக்குத்தான் நெஞ்சு பதைத்தது.

நாங்கள் சொல்லிக்கொடுப்பது மிக எளிய காரியம். தினமும் அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் கால்களை ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, சூடு தெரியாத காலுக்கு வெந்நீரும் நெருப்பும் ஒன்றே. காய்த்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரம் காயுமுன் கடுகெண்ணெய் பூச வேண்டும். பிறகு விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும்: முள் ஏறியிருக்கிறதா, எங்காவது சிவந்திருக்கிறதா?

இதைக் கேட்டதும் சபையில் பலரும் யோவான் 13-ஐ நினைவுபடுத்துகிறார்கள். சீஷர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரை நினைக்காமல் நானும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனாலும் இந்தக் கால்களை நானே கழுவிவிடுவது எனக்குப் போதாது. நான் போன பிறகும், அடுத்த வாரமும், அடுத்த வருடமும் அவர்களே கழுவ வேண்டும். ஒரு கிராமத்தில் எட்டுப் பத்துப் பேர் வேப்ப மரத்தடியில் கூடி உட்கார்ந்து, ஒருவர் காலை ஒருவர் பார்த்து, "ஏன் நேற்று எண்ணெய் போடவில்லை?" என்று அதட்டிக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த ஊர்க் கிணற்றடிக்கே வரக்கூடாது என்று விரட்டப்பட்டவர்கள் அவர்கள். அந்த அதட்டலைக் கேட்கும்போதெல்லாம் நான் தேவனைத் துதிக்கிறேன்.

மதம் மாற்றுவது இந்நாட்டில் குற்றம். 2018-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. 1954-இல் இங்கே வந்த மருத்துவ மிஷனெரிகளும் மதமாற்றம் செய்வதில்லை என்ற உடன்பாட்டோடுதான் வந்தார்கள். என்னைக் கேட்டால், சிகிச்சையைத் தூண்டிலாக்குவது சட்டம் அனுமதித்தாலும் தவறுதான். ஏன் இங்கே வந்தாய் என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். கேட்காதவருடைய காலையும் அதே கவனத்தோடு பார்க்கிறேன்.

ஜெபக் குறிப்பு கேட்டிருந்தீர்கள். ஒரு மருமகளுக்காக ஜெபியுங்கள். திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிறந்த வீட்டுக்குத் துரத்திவிடுவார்களோ என்ற பயத்தில் மாத்திரை அட்டையை அரிசிக் குதிருக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறாள். அந்த மருந்துகளில் ஒன்று தோலைக் கருக்கச் செய்யும். முகம் ஏன் இப்படிக் கறுக்கிறது என்று மாமியார் கேட்கத் தொடங்கிவிட்டார். அவள் சம்மதித்தால், வருகிற வியாழக்கிழமை நானும் எங்கள் மைதிலிச் செவிலி அக்காவும் போய் அந்த மாமியாரிடம் பேசுவதாக இருக்கிறோம். இன்னும் ஏழு மாத மருந்து பாக்கி.