எதுவரை என்று சொல்லவில்லை

சாவிக்கொத்து கீழே விழுந்தது. அந்த அம்மா குனியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முதுகு பலகைபோல விறைத்திருக்க, முழங்காலை மட்டும் மடக்கி இறங்கி எடுத்தார். அவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்திருந்தது தோள்பட்டை இறுக்கத்துக்கு. "முதுகு வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"அந்த வலி போய் நான்கு வருடம் ஆகிறது சார். நீங்கள்தானே குனியக் கூடாது என்றீர்கள். அன்றிலிருந்து வாசலில் கோலம்கூட மகள்தான் போடுகிறாள்."

நன்றியோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். எல்4-எல்5 வட்டுப் பிதுக்கம், அதாவது கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு வெளியே தள்ளியிருப்பது; கால்வரை இறங்கும் வலி. கீழே என் கையெழுத்தில், முன்னால் குனிய வேண்டாம். எத்தனை நாளைக்கு என்பது இல்லை. வாயால் சொல்லியிருப்பேன்; ஆறு வாரம் என்று சொல்வதுதான் என் வழக்கம். அவருக்கு அப்படி எதுவும் நினைவில்லை. திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எரிச்சல்கூட வந்தது. வலி போனவர் எதற்காக வரப்போகிறார்?

அன்றைக்கு அது தவறான அறிவுரை இல்லை. குனிந்தால் கால் சுண்டி இழுக்கிறது என்பவரிடம் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஸ்வீடனின் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்கத் தொடங்கினார். குனிந்தால் அழுத்தம் கூடும் என்ற அந்தப் படத்தைக் கல்லூரியில் மனப்பாடமாக வரைந்தோம். அழுத்தம் கூடினாலே வட்டு கெட்டுவிடாது என்பதை யாரும் அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் வட்டுப் பிதுக்கம் தெரியும். அந்த அம்மாவை முதலில் பார்ப்பதற்கு முன்பே இதைப் படித்திருந்தேன். படித்தது வாய்வரை வரவில்லை.

அவரை மறுபடி குனியப் பழக்க, மேசை விளிம்பில் கை ஊன்றி, இடுப்பிலிருந்து மடங்குவதில் தொடங்கினோம். அடுத்து நாற்காலி, பிறகு முக்காலி. முக்காலியில் கை வைத்த அன்று தொடை நடுங்கியது. வலிக்கிறதா என்றேன். "இல்லை சார், பயம்" என்றார். ஆறாவது வாரம் 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கினார். கோலம் மட்டும் இன்னும் மகள்தான். அவளுக்குப் பழகிவிட்டது என்கிறார். நான் துருவிக் கேட்கவில்லை.

போன வாரம் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அதே கால்வலியோடு வந்தார். குனிய வேண்டாம், 15 நாள் மட்டும் என்று தாளில் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன். "பதினாறாம் நாள் குனிந்தால் ஒன்றும் ஆகாதே சார்?" என்றார். ஆகாது என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அதுவரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.