குழு ஆலோசனைத் தாள்: எப்படிப் படிப்பது, களத்தில் எதைப் பார்ப்பது

சென்னையில் சமூகப் பணியோ ஆலோசனை உளவியலோ முதுநிலையில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் செய்து குழு ஆலோசனைத் தாளில் தேர்ச்சி பெற்றுவிடலாம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் தாக்குப்பிடிக்க முடியாது. ஆலோசனைக் குழுவில் வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை உள்ளடக்கம் என்றும், பேசும்போது அவர்களுக்கிடையே என்ன நடக்கிறது என்பதை நிகழ்முறை என்றும் பாடம் பிரிக்கிறது. இந்த இரண்டாவதைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிப் பாடம் தானாகவே நினைவில் நிற்கும்.

ஒரு பெண் தன் கணவரின் குடியைப் பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர் தலையைக் குனிந்துகொள்கிறார். எதிரில் இருக்கும் வயதில் மூத்தவர், "எல்லா வீட்டிலும் இருப்பதுதானே" என்று பேச்சை மூடிவிடுகிறார். மற்றவர்கள் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். பல மாணவர்களின் களப்பணிக் குறிப்பில் கணவரின் குடி மட்டும்தான் இருக்கும். குனிந்த தலை, மூடிய பேச்சு, உங்களை நோக்கித் திரும்பிய கண்கள் இவற்றை எழுதினால்தான் அது குழுவைப் பற்றிய குறிப்பாகும்.

கோட்பாடுகளையும் இப்படியே படிக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் வகுத்த, குழு எப்படிக் குணமாக்குகிறது என்று சொல்லும் 11 குணமாக்கும் காரணிகள் தேர்வுக்கு மிக முக்கியம். அவற்றை வரிசையாக உருப்போட்டால் பதற்றத்தில் நான்கு மறந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் களத்தில் கேட்ட ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன்" என்று ஒருவர் சொன்னால், அது பொதுமை உணர்வு. குடியை விட்ட ஒருவர், சிகிச்சைக்குப் புதிதாக வந்தவருக்கு முதல் வாரத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார். சொல்லிக்கொடுக்கும்போது அவரே நிமிர்ந்து உட்காருகிறார். அது பிறருக்கு உதவுவதால் கிடைக்கும் நலம். வீட்டில் அப்பாவிடம் வாய் திறக்காத இளைஞர் குழுவை நடத்துபவரிடமும் வாய் திறக்கமாட்டார். அவர் முதன்முறையாக "நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை" என்று சொல்லி, அதற்காக யாரும் தன்னைக் கடிந்துகொள்ளவில்லை என்று காணும்போது, பழைய குடும்ப அனுபவத்தைக் குழுவில் திருத்தி மீண்டும் வாழ்கிறார்; அதுவும் ஒரு காரணி. இந்த மூன்றும் தெளிவாகிவிட்டால் மற்றவற்றுக்கு நீங்களே வாக்கியங்களைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வரலாற்றுக் கேள்விக்கு அதிக நேரம் வேண்டாம். 1905இல் பாஸ்டனில் மருத்துவர் ஜோசப் பிராட் ஏழைக் காசநோயாளிகளைக் கூட்டி நடத்திய வகுப்புகளிலிருந்து தொடங்கி, மொரீனோவின் உளநாடகம் (மனச்சிக்கலை நடித்துப் பார்க்கும் முறை), கர்ட் லெவினின் குழு இயக்கவியல் (குழுவுக்குள் ஒருவரை ஒருவர் எப்படிப் பாதிக்கிறார்கள் என்ற ஆய்வு) வழியாக உளப்பகுப்பாய்வாளர் பியோனுக்கு வந்தால் போதும். பியோன் 1897இல் நம் நாட்டு மதுராவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையில் வீரர்களோடு வேலை செய்தவர். வேலையைச் செய்யாமல் ஒரு குழு மூன்று வழிகளில் நழுவும் என்றார்: தலைவரைச் சார்ந்து கிடப்பது; சண்டையிடுவது அல்லது ஓடுவது; குழுவில் இருவர் இணைவார்கள், அவர்கள் வழியாக விடிவு வரும் என்று காத்திருப்பது. முதல் வழியைச் சென்னையில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் காணலாம். "மேடம், நீங்களே சொல்லுங்கள்" என்று எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். அந்த மரியாதை உண்மையானது. அதைத் தட்டிவிடக் கூடாது, அதிலேயே உட்கார்ந்துவிடவும் கூடாது. கேள்வியை இன்னொருவரிடம் கொண்டுபோக வேண்டும்: "அக்கா, இவர் சொன்னது போல உங்களுக்கும் நடந்ததாகப் போன வாரம் சொன்னீர்களே, அப்போது என்ன செய்தீர்கள்?" இதைத்தான் இணைத்தல் என்கிறார்கள். நுட்பங்களில் ஒன்றை மட்டும் நன்றாகப் பழக நேரம் இருந்தால் இதைப் பழகுங்கள்.

அடுத்த நுட்பம் தடுத்தல், அதாவது குழுவுக்குத் தீங்கான பேச்சை இடையில் நிறுத்துவது. நம் பண்பாட்டில் இது கடினம்; அம்மா வயதில் இருப்பவர் அறிவுரை சொல்லும்போது இடைமறிப்பது துடுக்காகத் தோன்றும். ஆனால், ஒருவர் மனம் திறந்த உடனே வந்து விழும் அறிவுரை பல சமயம் அவர் வாயை அடைத்துவிடும். "அம்மா, நீங்கள் அவருக்கு வழி சொல்ல நினைப்பது புரிகிறது. அதற்கு முன்னால், அவர் பேசியதைக் கேட்டபோது உங்கள் மனதில் என்ன வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அறிவுரையிலிருந்து அனுபவத்துக்குத் திரும்பிவிடும், மரியாதையும் குறையாது. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அவரைக் கண்டிக்க வேண்டாம். அவரைப் பேச விட்டுவிட்டு மற்றவர்கள் ஏன் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று குழுவிடம் கேளுங்கள். ஒருவர் விடாமல் பேசுவதில் மற்றவர்களுக்கும் ஒரு வசதி இருக்கிறது. தாங்கள் பேசாமல் தப்பிவிடலாம்.

ஒரு குழு எப்படி வளர்கிறது என்று சொல்லும் உளவியலாளர் டக்மனின் படிநிலைகள் தேர்வில் கட்டாயம் வரும். 1965இல் அவர் சொன்னவை நான்கு: உருவாதல், மோதல், நெறிப்படுதல், செயல்படுதல். 1977இல் ஜென்சனோடு சேர்ந்து கலைதல் என்ற ஐந்தாவதைச் சேர்த்தார். விடைத்தாளில் மோதல் நிலைக்கு எல்லோரும் வாக்குவாதத்தையே உதாரணமாக எழுதுகிறார்கள். நான் பார்த்த குழுக்களில் யாரும் குரல் உயர்த்தவில்லை. தாமதமாக வருவது, செல்போனைப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பது, "இதெல்லாம் பேசி என்ன ஆகப்போகிறது" என்று பெருமூச்சு விடுவது என்றே எதிர்ப்பு வந்தது. இவற்றை மோதல் என்று அடையாளம் காணத் தெரியாதவர்கள், தங்கள் குழு நேராக மூன்றாம் நிலைக்குப் போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள். படிநிலைகள் பின்னோக்கியும் போகும். புதியவர் ஒருவர் சேர்ந்தாலே போதும்.

குழுவுக்கு ஆள் சேர்க்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். ஏழெட்டுப் பேர் நல்ல அளவு, நேரம் ஒன்றரை மணிக்குள். தனியாகச் சந்திக்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் களப்பணி கிடைத்தால், உறவுமுறையையும் பக்கத்து வீட்டுத் தகராறுகளையும் முதல் சந்திப்பிலேயே மெதுவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் மருமகள் பேசமாட்டார். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், கடுமையான மனச்சிதைவு அறிகுறிகளோடு இருப்பவர் ஆகியோருக்கு முதலில் தனிச் சிகிச்சை தேவை. உடனே உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

ரகசியம் காப்பதைப் பற்றி வைவாவில் நிச்சயம் கேட்பார்கள். "நான் வெளியே சொல்லமாட்டேன்" என்று நாம் உறுதி கொடுக்கலாம். மற்ற உறுப்பினர்கள் சார்பில் கொடுக்க முடியாது. இந்த வேறுபாட்டை உறுப்பினர்களிடமும் முதல் நாளே சொல்ல வேண்டும். தற்கொலை ஆபத்து, குழந்தைக்கு நேரும் கொடுமை போன்றவற்றில் ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, இதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. களப்பணி அறிக்கைக்குப் புகைப்படம் வேண்டும் என்று கேட்கிறார்கள். மனம் திறந்து அழுதவர்களை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்து ஒட்டுவது சரியில்லை. காலி நாற்காலி வட்டத்தையும், உறுப்பினர்கள் விதிகளை எழுதிய சார்ட்டையும் படம் எடுத்து, அதற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். உறுப்பினர்கள் தாங்களாகவே வாட்ஸ்அப் குழு தொடங்கினால் தடை போட வேண்டாம். அங்கே பேசியதை வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் முக்கியமான பேச்செல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

குடியை விட விரும்புவோருக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின், வெளியாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் ஒன்றுக்கு முன்அனுமதி கேட்டுப் போய்வாருங்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய அது சுய உதவிக் குழு. அதை நடத்தத் தொழில்முறை ஆலோசகர் கிடையாது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொதுவாகக் குறுக்கே கருத்து சொல்வதில்லை. சிகிச்சைக் குழுவுக்கும் சுய உதவிக் குழுவுக்கும் உள்ள வேறுபாட்டை அதன்பிறகு உங்கள் சொந்த வார்த்தைகளிலேயே எழுதுவீர்கள். அங்கே குறிப்பேட்டை வெளியே எடுக்காதீர்கள்.

குறிப்பு எழுதுவதை அன்று இரவே முடித்துவிடுங்கள். மறுநாள் வார்த்தைகள் நினைவிருக்கும், வரிசை மறந்துபோகும். ஒரு வட்டம் வரைந்து யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்து, யார் யாரிடம் பேசினார்கள் என்று அம்புக்குறி போடுங்கள். முதல் சில வாரங்களில் அம்புகள் எல்லாம் உங்களை நோக்கியே வரும். உறுப்பினர்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடத் தொடங்கினால் பிணைப்பு உருவாகிறது என்று சான்றோடு எழுதலாம். இதை மொரீனோவின் சமூக வரைபடத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டுவது. வட்டத்தில் பெயர்களுக்குப் பதிலாகக் குறியெழுத்துகளைப் போடுங்கள். எந்த எழுத்து யாருடையது என்ற பட்டியலை வேறோர் இடத்தில் பத்திரமாக வையுங்கள்.