கத்திரிக்கா வேணாம்னு சொன்ன அக்கா

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, காலைல ஆறரை இருக்கும், மஞ்சப்பைய தூக்கிட்டு எங்க ஏரியா உழவர் சந்தைக்கு போனேன். வழக்கமா வாங்குற அக்கா முன்னாடி கத்திரிக்கா பளபளன்னு குமிஞ்சு கெடக்கு, ஒரு ஓட்டை கூட இல்ல. அரைக்கிலோ போடுங்கக்கான்னேன். அந்தக்கா தராசுல கையே வைக்கல. "கத்திரிக்கா வேணாம் தம்பி, முந்தாநேத்துதான் மருந்து அடிச்சிருக்கு, வெண்டைக்கா எடுத்துக்க, அது சும்மா மழைல வந்தது"ன்னு மெதுவா சொல்லுது.

அப்ப எதுக்குக்கா கொண்டாந்தீகன்னு கேட்டேன். "வீட்டுக்காரரு பறிச்சு மூட்டை கட்டிட்டாரு, நான் என்ன செய்ய, வாங்குறவுக வாங்கிட்டு போவாக, உப்புத்தண்ணில ஊற வச்சு கழுவுனா போயிரும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு அதே கத்திரிக்காய எடை போட ஆரம்பிச்சுருச்சு.

எனக்கு வெண்டைக்காய வாங்கிட்டு வர்ற வழியெல்லாம் இதே யோசனை. அந்தக்கா நல்லவங்களா கெட்டவங்களான்னு இல்ல. நாலு வருசமா பாக்குற மொகத்துக்கு அந்த காய குடுக்க அதுக்கு கூச்சமா இருந்துருக்கு, தெரியாத மொகத்துக்கு குடுக்க கூச்சம் இல்ல. அவ்வளவுதான் விஷயம். உள்ளூர் பொருளாதாரம், உள்ளூர்லயே வாங்கு அப்டின்னெல்லாம் எல்லாரும் பேசுறோம்ல, அதுல உண்மையிலயே வேலை செய்ற மெஷின் எதுன்னு கேட்டா இந்த கூச்சம்தான்னு நான் சொல்லுவேன். தூரம் கூடக்கூட கூச்சம் கொறஞ்சுகிட்டே போகுது. பக்கத்துல இருந்தாலும் மொகம் தெரியலன்னா அதுவும் தூரம்தான்.

உழவர் சந்தை எங்க ஊர் ஆளுகளுக்கு கொஞ்சம் பெருமை. 1999 நவம்பர் 14ல மொத மொத ஆரம்பிச்சது மதுரை அண்ணா நகர்லதான், கலைஞர் முதல்வரா இருந்தப்ப. அதுக்கு முன்னாடியே 1987ல பஞ்சாப்ல அப்னி மண்டின்னு ஒண்ணு வந்துருச்சு, அதே 1999 ஜனவரில ஆந்திரால ரைத்து பஜார் வந்துச்சு, அதெல்லாம் பாத்துட்டுத்தான் இங்க செஞ்சாங்க. ஆட்சி மாறுனப்ப கவனிப்பாரில்லாம கெடந்து, 2006க்கு அப்புறம் திரும்ப உசுரு வந்து, இப்ப தமிழ்நாடு முழுக்க நூத்தம்பதுக்கு மேல இருக்கு.

இது எப்டி ஓடுதுன்னு பல பேருக்கு தெரியாது, காய் மலிவா கெடைக்கும்னு மட்டும் தெரியும். விவசாயிக்கு போட்டோ ஒட்டுன அடையாள அட்டை, அதுக்கு முன்னாடி நெலம் இருக்கா, அதுல இந்த காய் வெளையுதான்னு அதிகாரி பாப்பாரு. கடைக்கு வாடகை கெடையாது, தராசு சந்தைலயே குடுத்துருவாங்க, ஆரம்பத்துல கவர்மெண்ட் பஸ்ல காய்மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட்டே போடல. காலைல மொத்த மார்க்கெட் விலைய விசாரிச்சு, அதுக்கு கொஞ்சம் மேல, சில்லறை கடை விலைக்கு கொஞ்சம் கீழன்னு ஒரு விலைய போர்டுல எழுதிப் போட்ருவாங்க. நடுவுல கமிஷன் கடை, தரகு, ஏத்துக்கூலி, எறக்குக்கூலின்னு போற காசு இருக்குல்ல, அத விக்கிறவனும் வாங்குறவனும் பிரிச்சுக்கறாங்க. ரொம்ப சிம்பிளான கணக்கு.

எங்க மாமா ஒருத்தரு திண்டுக்கல் பக்கம் தோட்டம் வச்சிருக்காரு. அவரு காய் ராத்திரி வண்டி ஏறி ஒட்டன்சத்திரம் போகும், அங்க ஏலம் போட்டு லாரி ஏறும், கேரளாவுக்கு போனாலும் போகும், திரும்பி நம்ம ஊருக்கே வந்தாலும் வரும். ஒரு தடவ அத்தை பக்கத்து டவுன் கடைல முருங்கக்கா வாங்கிட்டு வந்தப்ப மாமா அத கைல வச்சு பாத்துட்டு, "நம்ம காயா இருந்தாலும் இருக்கும்டா, என்ன, நான் வித்த விலைக்கு மூணு மடங்கு ஆயிருக்கு"ன்னு சிரிச்சாரு. சிரிக்கிற விஷயமா அது. அந்த காய் சுத்துன கிலோமீட்டருக்கு எல்லாம் டீசல் யாரு போட்டது, நாமதான்.

இந்த கூச்சம், தூரம் விஷயத்த எனக்கு முன்னாடியே ஒருத்தரு பிரிச்சு மேஞ்சுட்டாரு, ஜே.சி. குமரப்பா. 1892ல தஞ்சாவூர்ல பொறந்தவரு, லண்டன்ல அக்கவுண்டன்ட் படிப்பு, அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டில படிப்பு, பாம்பேல கோட்டு சூட்டு போட்டுகிட்டு ஆடிட்டர் வேலை. 1929ல காந்திய பாத்தாரு, வாழ்க்கை மாறிப்போச்சு. 1934ல காந்தி அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் ஆரம்பிச்சப்ப அத நடத்துன ஆளு இவருதான். கடைசி காலத்துல வந்து தங்குனது எங்க மாவட்டத்துல டி. கல்லுப்பட்டி, காந்தி நிகேதன் ஆசிரமத்துல. 1960 ஜனவரி 30ல காலமானாரு, காந்தி செத்த அதே தேதி. ராஜபாளையம் பஸ்ல கல்லுப்பட்டிய எத்தனை தடவ தாண்டியிருப்பேன், ஒரு தடவ கூட எறங்கி பாத்ததில்ல, வெக்கக்கேடுதான்.

அவரு சொன்னது என்னன்னா, நீ குடிக்கிற கோகோ ஆப்பிரிக்காவுல அடிமை மாதிரி வேலை வாங்கி வெளைய வச்சதா இருந்தா, அந்த பாவத்துல உனக்கும் பங்கு இருக்கு. ஆனா அது எங்கயோ நடக்குது, உன் கண்ணுக்கு தெரியாது. வாங்குறதுன்னா காசு குடுத்து பொருள எடுத்துட்டு வர்றதோட முடியல, அந்த பொருளோட சேந்து வர்ற கணக்கையும் நாமதான் ஏத்துக்கணும், அந்த கணக்க பாக்குறதுக்கு தோதான தூரத்துல வாங்குனாத்தான் ஒருத்தனால பொறுப்பா இருக்க முடியும்னு சொல்றாரு. ஆடிட்டர் புத்தி பாருங்க, எங்க போனாலும் கணக்கு.

சரி, இதெல்லாம் படிச்சுட்டு சூடாகி நானும் ஒரு தடவ ஒரு மாசத்துக்கு அம்பது கிலோமீட்டருக்குள்ள வெளைஞ்சத மட்டும் சாப்புடுறதுன்னு வீட்ல அறிவிச்சேன். நாலாவது நாள் சாம்பார்ல அடிபட்டுட்டேன். தொவரம்பருப்பு எங்க இருந்துண்ணே வருதுன்னு மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட கேட்டா, "பர்மா, ஆப்பிரிக்கா, எது மலிவோ அது, உங்களுக்கு எது வேணும்"ங்கிறாரு. உண்மைதான், மியான்மர், மொசாம்பிக், தான்சானியாவுல இருந்தெல்லாம் நாம தொவரை எறக்குமதி பண்றோம். பெரிய வெங்காயம் மகாராஷ்ட்ரா. பெருங்காயத்துக்கு பால் எடுக்குறது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம். சாம்பார்னு நாம பீத்திக்கிற கொழம்புல உள்ளூர்னு பாத்தா முருங்கக்காயும் சின்ன வெங்காயமும் புளியும் தண்ணியும்தான் (தண்ணியும் வைகைன்னு சொல்லிக்கலாம், முல்லைப் பெரியாறு இல்லாட்டி வைகைல என்ன இருக்கு). என் வீட்டம்மா அன்னைக்கு சொன்னது, "அம்பது கிலோமீட்டர்னு கோடு போட்டு சாப்புட நாம என்ன பஞ்சாயத்து போர்டா, முடியிறத செய்ங்க". அப்டியே விட்டாச்சு. பூண்டு மட்டும் கொடைக்கானல் மலைப்பூண்டு வாங்குறோம், 2019ல புவிசார் குறியீடு கெடைச்சது அதுக்கு, காரம் சும்மா சுர்ருன்னு இருக்கும்.

ஆனா எண்ணெய் விஷயத்துல மட்டும் நான் அந்த மாசத்துக்கு அப்புறம் பழைய மாதிரி போகல. அதுக்கு காரணம் இருக்கு.

எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மரச்செக்கு இருக்கு, மாடு இல்ல, மோட்டார்தான், ஆனா உரலும் உலக்கையும் வாகை மரம். ஒரு நாள் முழுசா உக்காந்து பாத்தேன். எள்ள கொட்டி ஓட விடுறாரு, கொஞ்ச நேரத்துல கருப்பட்டிய ஒடைச்சு போடுறாரு, அப்பத்தான் பிசுபிசுன்னு புடிச்சு எண்ணெய் பிரியும்ங்கிறாரு. மெதுவா சுத்துறதுனால சூடு ஏறாது, கைய வச்சு பாத்தா வெதுவெதுப்பு மட்டும்தான். ஓரத்துல கருப்பா மினுமினுன்னு எண்ணெய் கசிஞ்சு வர்றப்ப வர்ற வாசம் இருக்கே, அதுக்காகவே ஒரு தடவ போலாம். எண்ணெய வெயில்ல வச்சு தெளிய விடுறாங்க. மிச்சம் இருக்குற புண்ணாக்க வெதுவெதுன்னு இருக்கப்பவே பேத்து எடுத்து வைக்க, ஒரு பெரியவரு டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து சாக்குல வாங்கிட்டு போறாரு, அவரு மாட்டுக்கு. அந்த மாட்டுப்பால்தான் எங்க தெருவுல மூணு வீட்டுக்கு வருது. சாணி அவரு தோட்டத்துக்கு. எள்ளு கொண்டு வந்தவரு அந்த பெரியவரோட மச்சினன். கருப்பட்டி மட்டும் ராமநாதபுரத்துல இருந்து வருது. இந்த சுத்துல குப்பைன்னு எதுவுமே இல்ல, கவனிச்சீங்களா. எல்லா கழிவும் யாரோ ஒருத்தருக்கு தேவையான பொருளா இருக்கு, அவரும் எக்ஸெல்ல வந்து போற தூரத்துல இருக்காரு. அந்த புண்ணாக்கே முன்னூறு கிலோமீட்டர் தள்ளி கெடந்தா எடுத்துட்டு வர்ற வாடகைக்கு கட்டுபடியாகாம குப்பையாத்தான் போகும்.

2022 ஞாபகம் இருக்கா? உக்ரைன்ல சண்டை, சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிப்போச்சு. அது பத்தாதுன்னு ஏப்ரல் கடைசில இந்தோனேசியாக்காரன் பாமாயில் ஏத்துமதிய நிறுத்திட்டான், மூணு வாரம் கழிச்சுத்தான் திரும்ப தொறந்தான். நம்ம நாட்டுல செலவாகுற சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல எறக்குமதி, அப்ப அங்க ஒருத்தன் கதவ சாத்துனா இங்க வடைக்கடைல வட சின்னதாகுது. எங்க செக்குக்காரரும் அப்ப விலைய ஏத்துனாரு, ஏத்தாம இல்ல, எள்ளு கடலை விலையும் கூடவே ஏறிருச்சு. ஆனா ஏன் ஏத்துனேன்னு என்கிட்ட நின்னு பதில் சொன்னாரு. இந்தோனேசியாக்காரன் என்கிட்ட வந்து சொல்லுவானா.

இங்க ஒண்ண மறைக்கக் கூடாது. கடலை எண்ணெய் செக்குல ஒரு லிட்டர் எடுக்க சுமாரா ரெண்டரை கிலோ பருப்பு வேணும், அதனால விலை கூடத்தான் இருக்கும். ரேஷன்ல பாமாயில் லிட்டர் 25 ரூவா. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காகிட்ட போயி செக்கு எண்ணெய் வாங்குங்க ஒடம்புக்கு நல்லதுன்னு நான் சொன்னா அது திமிரு. அது மாதிரி இப்ப மரச்செக்குங்கிறது பேஷனாயிருச்சு, கண்ணாடி பாட்டில்ல ஊத்தி, சணல் கயிறு கட்டி, கூரியர்ல டெல்லி வரைக்கும் போகுது. அது நல்ல யாவாரமா இருக்கலாம், அதுல உள்ளூர் எங்க இருக்கு? மாட்டுக்கார பெரியவரு எங்க?

இன்னொண்ணு, உள்ளூர்னாலே தேன்னு பேசுறவங்கள கண்டா எனக்கு பயம். 1948 நவம்பர் 4ல அரசியல் நிர்ணய சபைல அம்பேத்கர் கிராமத்த பத்தி என்ன சொன்னாரு? அறியாமையும் குறுகுன புத்தியும் வகுப்புவாதமும் அடஞ்சு கெடக்குற எடம்னு கிட்டத்தட்ட முகத்துல அடிச்ச மாதிரி சொன்னாரு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்ங்கிறதுதான் ஊருக்கு அழகு, அதே ஊர்ல யாரு யாருகிட்ட பால் வாங்க மாட்டாங்கங்கிறதும் எல்லாருக்கும் தெரியும். எங்க தாத்தா ஊர்ல சாதி பாத்துத்தான் பால் ஊத்துனாங்க, நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப பாத்துருக்கேன். குமரப்பாவையும் அம்பேத்கரையும் சேத்து வச்சு பாக்காம உள்ளூர் பொருளாதாரம் பேசுனா ஒரு கண்ண மூடிட்டு வண்டி ஓட்டுற மாதிரி. எனக்கு உழவர் சந்தை புடிக்கிறதுக்கு ஒரு காரணம் இதுவும்தான், அது கிராமத்துக்குள்ள இல்ல, டவுன்ல இருக்கு, கவர்மெண்ட் அட்டை வச்சு ஒருத்தரு ஒக்காந்துருக்காரு, வாங்க வர்றவன் எந்த தெருன்னு விக்கிறவங்களுக்கு தெரியாது, காய் எந்த தெருன்னு வாங்குறவனுக்கு தெரியாது. மொகம் மட்டும் தெரியும். அந்த அளவு பக்கம் போதும்.

அதுலயும் ஓட்டை இருக்கு, எந்த ஊர் சந்தைன்னு சொல்லல, ஒரு எடத்துல மொத்த மார்க்கெட்ல எடுத்த காய விவசாயி மாதிரி ஒக்காந்து வித்துகிட்டு இருந்தாரு ஒருத்தரு. கேரட் எந்த தோட்டம்ணேன்னு கேட்டேன். "தோட்டத்துலதான்"னாரு. அந்த வெயில் ஊர்ல கேரட்டு.

கத்திரிக்கா அக்காவுக்கு வர்றேன். நேத்து திரும்ப போனேன். பக்கத்துல ஒரு புது ஜோடி, கைல கார் சாவி, கத்திரிக்காய தொட்டு தொட்டு பாத்துகிட்டு இருந்தாங்க. நானும் கத்திரிக்காய பாத்தேன், அக்கா என்னய பாத்துச்சு. அவங்க ஒரு கிலோ கேட்டாங்க, அக்கா தராசுல அள்ளி போட்டுகிட்டே, அவங்ககிட்ட இல்ல, என்கிட்ட, "அடிச்சு பதினாலு நாளாச்சு தம்பி"ன்னுச்சு. நான் எதுவும் கேக்கவே இல்ல. அரைக்கிலோ வாங்குனேன். வீட்ல நறுக்குறப்ப ரெண்டுல புழு இருந்துச்சு.