5 அடி 4 அங்குலத்தில் சூட்

வாடிக்கையாளர்களைச் சந்தித்துப் பேசுவதுதான் என் வேலை. அதனால் வாரத்தில் பாதி நாள் சூட் போட்டாக வேண்டும். என் உயரம் 5 அடி 4 அங்குலம். இந்த உயரத்தில் ஒருவர் சூட் வாங்கப் போனால், "உயரமாத் தெரியுற மாதிரி போடுங்க" என்பதுதான் முதலில் கிடைக்கும் ஆலோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்தில் வந்து நிற்பவருக்கு நம் உயரம் தெரியத்தான் செய்யும். கோட்டும் பேன்ட்டும் நம் உடம்பின் அளவுக்கு இருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் உயரத்தைப் பற்றி எதிரில் இருப்பவரும் யோசிப்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை.

ரெடிமேட் கோட்டில் மார்பளவு எண்ணோடு பெரும்பாலும் ஓர் எழுத்தும் இருக்கும். 38 ஆர் என்றால் ரெகுலர், 38 எஸ் என்றால் ஷார்ட். பலர் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஷார்ட் அளவில் கோட்டின் நீளம் மட்டும் குறைவதில்லை. கையின் நீளமும் குறையும், பட்டனும் பாக்கெட்டும் அதற்கேற்ப மேலே ஏறும். ரெகுலர் கோட்டை வாங்கி அடியில் வெட்டித் தைத்தால் பாக்கெட் பழைய இடத்திலேயே நின்றுவிடும். ஓர் அங்குலத்துக்கு மேல் குறைத்தால் ஏதோ பொருந்தவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஷார்ட் கிடைக்காவிட்டால் துணி எடுத்துத் தைத்துக்கொள்வதே மேல். அதற்காக ஒரேயடியாகக் குட்டையான கோட்டும் வேண்டாம். பின்பக்கத்தை மூடும் அளவுக்கு அது இருக்க வேண்டும். அதற்கும் மேலே ஏறினால் தம்பியின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தது போல இருக்கும்.

கோட்டை இவ்வளவு கவனிப்பவர்கள்கூடப் பேன்ட்டை விட்டுவிடுகிறார்கள். பெரிய மாற்றமே அங்கேதான் இருக்கிறது. இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கி நிற்கும் பேன்ட், காலின் நீளத்தைத் தின்றுவிடும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி நிற்கும் பேன்ட்டில் கால் அங்கிருந்தே தொடங்குவதாகத் தெரியும். இன்னொரு பயனும் உண்டு. கோட்டின் பட்டனுக்குக் கீழே முக்கோணமாக வெள்ளைச் சட்டை எட்டிப் பார்க்குமே, அது மறைந்துவிடும். அந்தச் சிறிய முக்கோணம் உடம்பை நடுவில் இரண்டாக வெட்டிக் காட்டும். பளிச்சென்ற பெல்ட்டும் அதையேதான் செய்கிறது. நான் பெல்ட்டையே விட்டுவிட்டு, இடுப்பின் இரு பக்கமும் சிறு பட்டி வைத்து இறுக்கிக்கொள்ளும் பேன்ட்டுக்கு மாறிவிட்டேன். அடிப்பக்கம் ஷூவை லேசாகத் தொட்டு நின்றால் போதும். துணி மடிந்து மடிந்து ஷூ மேல் கிடந்தால் மேலே செய்த வேலையெல்லாம் வீண்.

அப்புறம் டை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் 58 அங்குலத்தை ஒட்டி இருக்கும், எனக்கு அது பேன்ட்டின் இடுப்புப் பட்டியைத் தாண்டித் தொங்கும். பெரிய வின்ட்சர் முடிச்சுப் போட்டால் நீளம் குறையும். ஆனால் சிறிய முகத்துக்கு அந்த முடிச்சு அதிகம். சாதாரண முடிச்சையே ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டுகிறேன். நீளமும் அடங்கிவிடுகிறது, முடிச்சும் ஒல்லியாகவே நிற்கிறது. வின்ட்சர் கோமகன், அதாவது 1936-இல் முடி துறந்த பிரிட்டிஷ் அரசர் எட்டாம் எட்வர்டு, தன் பெயர் பெற்ற அந்த முடிச்சைக் கட்டியவரே இல்லை. உள்ளே தடித்த துணி வைத்த டைகளைத் தைக்கச் சொல்லி, சாதாரண முடிச்சுதான் போட்டார்.

அவரும் உயரம் குறைந்தவர்தான். கோட்டை லண்டனில் ஃபிரெடரிக் ஷோல்டே என்ற டெய்லரிடம் தைத்துக்கொண்டார், பிற்காலத்தில் பேன்ட்டை நியூயார்க்கில் தைத்துக்கொண்டார். கட்டம் போட்ட துணி, முன்பக்கம் இரண்டு வரிசை பட்டன் வைத்த டபுள் பிரெஸ்ட் கோட் எல்லாம் துணிந்து போட்டவர். உயரம் குறைந்தவர்கள் கறுப்பு, கருநீலம், மெல்லிய கோடு இவற்றைத் தாண்டக் கூடாது என்று யாராவது சொல்லும்போது எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். மேலும் கீழும் ஒரே துணியில் இருப்பது உடம்பை ஒரே வீச்சாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல வெட்டு இருந்தால் கட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

என் அணியில் புதிதாகச் சேருகிறவர்களில் என் உயரத்தில் யாராவது இருந்தால், இரண்டாவது சூட் வாங்குவதற்கு முன் முதல் சூட்டை டெய்லரிடம் கொண்டுபோகச் சொல்வேன். கையைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பேன்ட்டின் அடியை ஒடுக்குவது எல்லாம் அவருக்கு எளிய வேலை. தோள்பட்டையை மட்டும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். அதைப் பிரித்துத் தைப்பது செலவும் சிரமமும் பிடித்த வேலை. அலுவலகத்துக்குப் போடும் அதே ஷூவோடு அளவு கொடுக்கப் போகச் சொல்வேன். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை மேல் கையை நீட்டியும் பார்க்க வேண்டும். எங்கள் சந்திப்புகளில் பெரும்பகுதி உட்கார்ந்தபடிதான் நடக்கிறது. எதிரில் இருப்பவர் அதிக நேரம் பார்ப்பது கோட்டின் தோளையும் கையையும்தான்.