கிணற்றுச் சகடையும் மூன்று சேனல்களும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

எங்கள் கணினி விளையாட்டில் ஒரு கிணறு வருகிறது. அதன் சகடைக்கு இன்று வண்ணம் தீட்டத் தொடங்கினேன். வடிவம் முன்பே தயார், மேற்பரப்புதான் என் பொறுப்பு. பெரியம்மா வீட்டுச் சகடையை நினைத்துக்கொண்டே வரைகிறேன். பக்கமெல்லாம் துரு ஏறிச் செதில் செதிலாக இருக்கும். கயிறு ஓடும் பள்ளம் மட்டும் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று மின்னும். துருவும் மினுமினுப்பும் ஒட்டி ஒட்டி இருப்பதுதான் அதன் அழகு.

இதற்கு நிறப்படம் மட்டும் போதாது, இன்னும் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் வேண்டும். இண்டு இடுக்கில் வெளிச்சம் எவ்வளவு மறைகிறது என்பது ஆக்லூஷன். எந்த இடம் எவ்வளவு சொரசொரப்பு என்பது ரஃப்னஸ். எது உலோகம் என்று சொல்வது மெட்டாலிக். மூன்றையும் ஒரே டெக்ஸ்சரின் (மேற்பரப்பில் போர்த்தும் படத்தின்) சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில், அதாவது நிற அடுக்குகளில், இதே வரிசையில் அடைக்கிறோம்.

கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் மூன்று லேயர் குழுக்கள் போட்டு, அவற்றின் பிளெண்டிங் முறையை (கீழே உள்ளதோடு கலக்கும் விதத்தை) முறையே காப்பி ரெட், காப்பி கிரீன், காப்பி புளூ என்று வைத்தேன். இனி எந்தக் குழுவுக்குள் சாம்பல் நிறத்தில் தீட்டினாலும் அந்தச் சேனலை மட்டுமே தொடும். துரு இரும்பு ஆக்ஸைடு, உலோகமாக நடந்துகொள்ளாது. அதனால், 0 முதல் 255 வரையுள்ள அளவில், நீலத்தில் அதற்கு 0, பச்சையில் 210. பள்ளத்துக்கு நீலத்தில் 255, பச்சையில் 60. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் துரு மஞ்சளாகவும் பள்ளம் ஊதாவாகவும் தெரிகிறது. பார்க்க விநோதமாக இருக்கிறது, ஆனால் எனக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறது. கண்ணுக்கு நிறம், எஞ்சினுக்கு எண்.

ஜூன் 4, புதன்

விளையாட்டை இயக்கும் எஞ்சினான அன்ரியலில் ஏற்றினேன். சகடை மழையில் நனைந்தது போல இருக்கிறது! துருவில் கூட ஒரு பளபளப்பு. பச்சையில் துருவை 235க்கு ஏற்றினேன். துரு கொஞ்சம் காய்ந்தது, பள்ளம் அப்படியே கண்ணாடி. சகடையைத் தாங்கும் மரத் தூண் வார்னிஷ் அடித்தது போல நிற்கிறது. பிரஷ்ஷை மாற்றி மாற்றி இரவு 11 மணி வரை தீட்டினேன்.

ஜூன் 5, வியாழன்

காலையில் புரோகிராமர் அண்ணா வந்து பார்த்தார். "எஸ்ஆர்ஜிபி டிக்கை எடுத்தியாம்மா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. அன்ரியலில் படத்தின் அமைப்பில் இருக்கும் தேர்வுக்குறி அது.

நிறப்படங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வளைத்த அளவுகோலில் சேமிக்கப்படுகின்றன. அந்த டிக் இருந்தால், கணக்குப் போடுவதற்கு முன் எஞ்சின் அந்த வளைவை நிமிர்த்திக்கொள்ளும். நிறத்துக்கு அது சரி. ரஃப்னஸ் நிறம் அல்லவே! தூணுக்கு நான் வைத்த 128, பாதி சொரசொரப்பாக, 0.5 ஆகப் போயிருக்க வேண்டும். போனதோ ஏறக்குறைய 0.22. துருவின் 210, அதாவது 0.82, கிட்டத்தட்ட 0.64 ஆனது. பள்ளத்தின் 60, அதாவது 0.24, சுமார் 0.05க்கு விழுந்து கண்ணாடியாகிவிட்டது. டிக்கை எடுத்து, துருவை மறுபடி 210க்குக் கொண்டுவந்தேன். எல்லாம் ஒரே நொடியில் காய்ந்தது.

நேற்றைய இரவு முழுவதும் சரியான எண்களைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தால் வலிக்கிறது.

ஜூன் 7, சனி

சின்ன வேலை. செதில்கள் மேலிருந்து வரும் வெளிச்சத்தில் மட்டும் குழியாகத் தெரிந்தன, பக்கவாட்டு வெளிச்சத்தில் சரியாக இருந்தன. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் எடுத்த நார்மல் மேப்பில் (மேடுபள்ளத்தின் திசையை நிறமாகச் சொல்லும் படத்தில்) பச்சை மேல்நோக்கிய திசை, அன்ரியலுக்கு அது கீழ்நோக்கி வேண்டும். பச்சைச் சேனலை மட்டும் தலைகீழாக்கியதும் செதில்கள் எழுந்துவிட்டன.

ஜூன் 9, திங்கள்

இன்றுதான் உண்மையில் கற்றுக்கொண்ட நாள்.

பள்ளத்தின் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாக அழுக்கு. கிரிட்டாவில் பார்த்தால் மூன்று சேனலும் சுத்தம், எஞ்சினில் மட்டும் அழுக்கு. காரணம் பிசி1 கம்ப்ரஷன், படத்தை எஞ்சினுக்காகச் சுருக்கும் முறை. அது படத்தை 4க்கு 4 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிறங்களை மட்டும் சேமித்து, இடையில் இரண்டைத் தானே கலந்துகொள்கிறது. 16 பிக்சலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அந்த நிறங்களிலும் சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. நுணுக்கம் அதிகம் வேண்டிய ரஃப்னஸைப் பச்சையில் வைப்பது எவ்வளவு பொருத்தம் என்று இப்போது புரிகிறது.

ஆக, நான் தனித்தனி என்று நினைத்த மூன்றும் அங்கே ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. மெட்டாலிக் ஓரத்தை ஓரிடத்தில் வரைந்தேன், ரஃப்னஸ் ஓரத்தை மூன்று பிக்சல் தள்ளி வரைந்தேன், ஆக்லூஷனில் அழகுக்காகப் புள்ளிகள் தெளித்தேன். ஒரே கட்டத்துக்குள் மூன்றும் மூன்று பக்கம் இழுத்தால் நான்கு நிறங்களில் அடங்குமா? புள்ளிகளை அழித்தேன். இரண்டு ஓரங்களையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தேன். முக்கால்வாசி அழுக்கு போய்விட்டது.

மூன்றையும் தனித்தனியாக வைக்கலாமே என்று அண்ணாவிடம் கேட்டேன். 2048க்கு 2048 பிக்சல் அளவில் சேர்த்தது 2 எம்பி, தனித்தனியாகச் சுருக்கினால் மூன்றுக்கும் 6 எம்பி, மிப்மேப் (தூரத்தில் காட்ட வைக்கும் சிறு நகல்கள்) சேர்க்காமலே. ஊர் முழுக்கச் சாமான் இருக்கும் விளையாட்டில் அது கட்டுப்படியாகாது.

ஜூன் 11, புதன்

பாசி எங்கே படரும் என்று காட்டும் மாஸ்க்கை ஆல்ஃபாவில், அதாவது நான்காவது சேனலில், வைக்கலாமா என்று பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். ஆல்ஃபா சேர்ந்தால் பிசி3 என்ற சுருக்கு முறைக்குப் போக வேண்டும், அளவு இரட்டிப்பாகும். அதைவிடப் பயம், வரையும் மென்பொருள் ஆல்ஃபாவை ஒளிபுகும் தன்மையாகவே எடுத்துக்கொள்வது. ஆல்ஃபா 0 ஆன இடத்தில் மற்ற மூன்று சேனலும் சேமிக்கும்போது காணாமல் போகலாம். அதனால் பாசிக்கு 512 அளவில் தனிப் படம்.

மாலையில் அண்ணா சூரியனை மெல்ல நகர்த்திக் காட்டினார். துரு அசையவில்லை. பள்ளத்தில் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று கயிறு ஓடுவது போலச் சுற்றி வந்தது. நாளை வாளி தொடங்க வேண்டும்.